பழைய ஹைபிரிட் காரில் பற்றரி சார்ஜ் பிரச்சினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பல, ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டு இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. பத்து, பதினைந்து வயதான டொயோட்டா பிரியஸும் அக்வாவும் இன்றும் தெருவில் நிறைய நிற்பதற்கு அதுதான் காரணம். அவற்றில் எந்தப் பிழை வந்தாலும் கராஜில் முதலில் கேட்கும் வார்த்தை "பற்றரி போச்சு". சில நேரம் அது உண்மை. பல நேரம் சோதிக்காமல் சொன்னது.

கீழே உள்ள பதில்கள் இரண்டாம் தலைமுறை பிரியஸையும் (2003–2009) மூன்றாம் தலைமுறை பிரியஸையும் (2009–2015) மனதில் வைத்து எழுதியவை. அக்வாவுக்கும் அக்சியோ ஹைபிரிட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஹோண்டாவின் கதை வேறு. அதற்குக் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

என் காரில் எத்தனை பற்றரி இருக்கிறது? எதை எது சார்ஜ் செய்கிறது?

இரண்டு. பின்னால் இருக்கும் பெரிய ஹைபிரிட் பற்றரி ஒன்று. சாதாரண காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்னப் பற்றரி இன்னொன்று.

பிரியஸின் பெரிய பற்றரியில் 28 மொடியூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 201.6 வோல்ட். அக்வாவிலும் அக்சியோவிலும் 20 மொடியூல்கள், 144 வோல்ட். கராஜில் "செல்" என்று சொல்வது இந்த மொடியூலைத்தான். உண்மையில் ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு இருக்கின்றன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பெரிய பற்றரியைச் சார்ஜ் செய்வது காருக்குள் இருக்கும் இரண்டு மோட்டார்கள். எஞ்சின் ஓடும்போது ஒன்று மின்சாரம் தரும். பிரேக் பிடிக்கும்போது மற்றது தரும். சின்னப் பற்றரிக்கு ஓல்டர்நேட்டர் கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தை இன்வர்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கன்வர்ட்டர் 14 வோல்ட் அளவுக்குக் குறைத்து அதற்குக் கொடுக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது பெரிய பற்றரியின் வேலை. அப்படியானால் சின்னப் பற்றரி எதற்கு? கணினிகளை எழுப்பவும், பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை (மின் சுவிட்சுகளை) மூடவும். வேலை சின்னது. ஆனால் அது நடக்காவிட்டால் கார் அசையாது.

பட்டனை அழுத்தினால் கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி (READY) விளக்கு வரவில்லை, டாஷ்போர்டில் லைட்டெல்லாம் எரிகிறது. ஹைபிரிட் பற்றரி போய்விட்டதா?

முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்னப் பற்றரியை. அது பலவீனமாக இருந்தால் கணினிகள் அரைகுறையாக விழித்து, ஒன்றோடு ஒன்று பேச முடியாமல், சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளை எல்லாம் எரிய விடும். திறப்பை கார் அடையாளம் காணாது, கதவு ஒருநாள் திறக்கும், மறுநாள் திறக்காது, மணிக்கூடு தானாக 1:00 காட்டும். இவை எல்லாம் சின்னப் பற்றரியின் கைவரிசை.

பெரிய பற்றரி பழுதாகும்போது அடையாளம் வேறு மாதிரி இருக்கும். கார் பெரும்பாலும் ரெடிக்கு வரும், ஓடும். ஆனால் சிவப்பு முக்கோணம் எரியும், இழுவை குறையும், பெற்றோல் அதிகம் குடிக்கும், பின்னால் ஃபான் இரையும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்தாலே பல இலட்சம் ரூபா பேச்சு ஒன்றைத் தவிர்க்கலாம்.

சின்னப் பற்றரியை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். பிரியஸில் சின்னப் பற்றரி டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது. அக்வாவில் பின் இருக்கைக்குக் கீழே. அதுவரை போக வேண்டும் என்றும் இல்லை. பொனற்றைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும். அது சின்னப் பற்றரியின் பொசிட்டிவ்வோடு சேர்ந்தது. மீற்றரின் சிவப்பு வயரை அங்கேயும் கறுப்பை வெறும் உலோகத்திலும் வைத்துப் பாருங்கள்.

கார் இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளப்பதுதான் சரியான நேரம். 12.6 வோல்ட் சுற்றி இருந்தால் நிறைய சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. அடுத்தது, காரை ரெடியில் போட்டு அதே இடத்தில் அளவுங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். வந்தால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது, குறை பற்றரியில்தான். ரெடியிலும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் கன்வர்ட்டரோ அதன் பெரிய ஃபியூஸோ பிழை. அந்த நிலையில் புதிய பற்றரி வாங்கிப் போடுவது வீண்செலவு.

ஆனால் வோல்ட் நன்றாக இருப்பதால் மட்டும் பற்றரி நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். வயதான பற்றரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டும், பட்டனை அழுத்தி பிரேக் பம்பு ஓடத் தொடங்கியதும் 10க்குக் கீழே விழும். மீற்றரை வைத்தபடியே இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அந்தக் கணத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கதை சொல்லும்.

புதிய சின்னப் பற்றரி போட்டேன். இரண்டு நாள் நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடுகிறது. ஏன்?

கார் தூங்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பின்னாட்களில் பூட்டிய டாஷ் கமரா, அலாரம், ஜிபிஎஸ் கருவி, பெரிய ஆம்ப்ளிஃபையர் இவற்றில்தான் முதலில் தேட வேண்டும். கார் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எந்தப் பாதை என்று கண்டுபிடிக்கலாம். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பதும் உண்டு. ஸ்மார்ட் திறப்பைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். கார் அதோடு பேசிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: இந்தப் பற்றரி ஆட்கள் இருக்கும் இடத்துக்கு உள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பூட்டக்கூடிய வகையைத்தான் டொயோட்டா போட்டது. விலை குறைவு என்று சாதாரண பற்றரியைப் பொருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வெளிச் சார்ஜரில் போடுவதாக இருந்தால் 4 ஆம்பியரைத் தாண்டாமல் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள்.

ஜம்ப் கொடுக்கலாமா?

உங்கள் கார் இன்னொரு காரின் பற்றரியிலிருந்து ஜம்ப் வாங்கலாம். பொனற்றுக்குள் இருக்கும் அந்தச் சிவப்பு மூடி முனையிலேயே வாங்கலாம். டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது, சின்னப் பற்றரி செத்தால் பின்கதவு திறக்காது. அதற்காகத்தான் முனையை முன்னால் வைத்திருக்கிறார்கள். பொசிட்டிவ்வையும் நெகட்டிவ்வையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பெரிய ஃபியூஸ் போகும், சில நேரம் இன்வர்ட்டரே போகும். இருட்டில், மழையில், அவசரத்தில் செய்ய வேண்டிய வேலை அல்ல.

உங்கள் பிரியஸிலிருந்து பக்கத்து வீட்டு டீசல் வானுக்கு ஜம்ப் கொடுக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மனவருத்தம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரைத் தாங்க அந்தக் கன்வர்ட்டர் செய்யப்படவில்லை.

திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வருகிறது. படிக்கத் தெரியவில்லை.

ஃபோன் கமராவில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து திரை மீது பிடியுங்கள், கருத்து பிடிபடும். அதைவிட முக்கியம், அழிந்து போவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைப்பது. கராஜில் போய் "ஏதோ மஞ்சளாக வந்தது" என்று சொல்வதற்கும் படத்தைக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

திரையில் காட்டும் பற்றரிக் கோடுகள் ஒருநாளும் எட்டு வருவதில்லை. சார்ஜ் குறைபாடா?

இல்லை. கார் தன் பெரிய பற்றரியை ஒருபோதும் முழுதாக நிரப்பாது, முழுதாக இறக்கவும் விடாது. ஏறக்குறைய 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையிலேயே வைத்திருக்கும். விரும்பும் இடம் 60 சதவீதம். அதனால் ஆறு கோடு வந்து அங்கேயே நிற்பது நல்ல பற்றரியின் அடையாளம்.

கவலைப்பட வேண்டியது கோடு வேகமாக ஓடும்போது. ஒரு சின்ன மேட்டில் ஆறிலிருந்து இரண்டுக்கு விழுவது, சிவப்பு விளக்கில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் எட்டுக்கு ஏறுவது, மறுபடி புறப்பட்டதும் மூன்று. பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் எச்சரிக்கை லைட் இன்னும் எரியாமல் இருக்கலாம். லைட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது எட்டுக் கோடும் நிரம்பி, எஞ்சின் திடீரென்று இரைகிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

ஒன்றும் உடையவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து பற்றரி அதன் மேல் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. அதனால் கார் அந்தச் சக்தியை எஞ்சினைச் சும்மா சுழற்றிச் செலவழிக்கிறது. அப்போது பெற்றோல் ஊற்றுவதில்லை. கியரை இறக்கத்துக்கான B நிலையில் போட்டாலும் இதே சத்தம் கேட்கும், அதுவும் வழமை. இறக்கம் முடிந்து சமதரையில் கொஞ்ச நேரம் ஓடியதும் கோடு ஆறுக்கு வந்துவிடும்.

சமதரையில், ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது இதே மாதிரி எட்டுக்கு ஏறி எஞ்சின் இரைந்தால் மட்டும் விசாரியுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் போடுகிறேன். கோடு குறைந்துகொண்டே போகிறது.

நியூட்ரலில் பெரிய பற்றரி சார்ஜ் ஆகாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆகாது. ஏசி கம்பிரசர் பெரிய பற்றரியில்தான் ஓடுகிறது, அது இறக்கிக்கொண்டே இருக்கும். சாதாரண காரிலிருந்து மாறியவர்களுக்கு நியூட்ரல் பழக்கம் கையில் ஊறியிருக்கும். இங்கே அதை விட்டுவிடுங்கள். நின்றால் D நிலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருங்கள், அல்லது பார்க்கிங்கில் (P) போடுங்கள். பழுதான காரை இழுத்துச் செல்லும்போதும் நியூட்ரலை நம்பாதீர்கள்: முன்சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஸ்கேன் செய்தபோது பி0ஏ80 (P0A80) என்ற பிழைக் கோட் வந்தது. கராஜில் புதிய பற்றரி போடச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பி0ஏ80க்கு புத்தகத்தில் போட்டிருக்கும் பொருளே "ஹைபிரிட் பற்றரியை மாற்று" என்பதுதான். அதனால் ஸ்கேன் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் அதையே வாசித்துக் காட்டுகிறார்கள். ஆனால் கணினிக்கு உண்மையில் தெரிவது ஒன்றே ஒன்று: பற்றரியின் ஒரு பகுதியில் அளந்த வோல்ட் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகவில்லை. அது செத்த மொடியூலாக இருக்கலாம். பச்சை பிடித்த இணைப்புத் தகடாகவும் இருக்கலாம். கோட் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

கூட வரும் கோட்களையும் எழுதி வாங்குங்கள். பி3011இலிருந்து பி3024 வரை உள்ளவை எந்த இடம் பலவீனம் என்று காட்டுகின்றன. பி3011 முதலாவது தொகுதி, பி3024 பதினான்காவது. பி0ஏ7எஃப் வந்தால் ஒரு இடம் மட்டுமல்ல, முழுப் பற்றரியும் தேய்ந்துவிட்டது என்ற பக்கம் சாயலாம். பி3030 வந்தால் அளக்கும் வயர்ப் பாதையிலேயே முறிவு இருக்கக்கூடும். பி0ஏ08, பி0560 இரண்டும் 12 வோல்ட் பக்கத்துக் கதை. பிழைக் கோட்களை அழித்துவிட்டு "சரி செய்தாயிற்று" என்று அனுப்பும் கராஜுக்கு மறுபடி போகாதீர்கள்.

அப்படியானால் பெரிய பற்றரியை எப்படிச் சரியாகச் சோதிப்பது?

சுமை கொடுத்து, தொகுதிவாரியாக வோல்ட் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பிரியஸில் 28 மொடியூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக கணினி அளக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் 12 செல்கள், பெயரளவில் 14.4 வோல்ட், ஓடும் காரில் சாதாரணமாக 15, 16 என்று காட்டும். டொயோட்டாவின் சோதனை மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஓபிடி (OBD) என்ற சோதனைத் துளையில் செருகும் ஒரு புளூடூத் கருவியும், டாக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ட் போன்ற ஃபோன் செயலியும் 14 எண்களையும் காட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது; பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கார் நிற்கும்போது பாருங்கள். 14 எண்களும் 0.3 வோல்டுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 1.2 வோல்ட் அளவு கீழே நின்றால் அந்தத் தொகுதியில் ஒரு செல் செத்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டே சொல்லலாம், ஏனென்றால் ஒரு செல்லின் வோல்ட் அதுதான்.

நிற்கும்போது எல்லாம் சமமாக இருந்தால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பல பழுது சுமையில்தான் வெளிவரும். மேட்டில் பலமாக மிதித்து ஏறுங்கள், பற்றரி மின்சாரம் வெளியே ஓடும்போது எது மற்றவற்றைவிட அதிகம் விழுகிறது என்று பாருங்கள். பிறகு நல்ல பிரேக் பிடித்து உள்ளே சார்ஜ் போகும்போது எது மற்றவற்றைவிட அதிகம் ஏறுகிறது என்று பாருங்கள். இறங்கும்போது ஆழமாக விழுந்து, ஏறும்போது உயரப் பாயும் தொகுதிதான் நோயாளி. உள்தடை கூடிவிட்டது. சுமையில் வித்தியாசம் 1 வோல்டுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், கோட் இன்னும் விழாவிட்டாலும் விழப்போகிறது.

14 தொகுதியும் சேர்ந்தே விழுந்து சேர்ந்தே ஏறினால்? வித்தியாசம் இல்லாததால் பி0ஏ80 வராது, ஆனால் பற்றரி மொத்தமாகக் கிழண்டிவிட்டது. மேலே சொன்ன, கோடு வேகமாக ஓடும் கார்கள் இந்த வகை.

இந்த எண்களின் திரைப் படத்தை எடுத்து வைத்திருங்கள். விலை பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பலம் அதுதான். எண்ணைக் காட்டாமல் "பற்றரி முடிந்தது" என்று சொல்பவரிடம் "எத்தனையாவது தொகுதி, சுமையில் எவ்வளவு விழுந்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பின் இருக்கைப் பக்கம் ஃபான் சத்தம் எப்போதும் கேட்கிறது. அதற்கும் பற்றரிக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. பெரிய பற்றரியைக் குளிர வைப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். பிரியஸில் பின் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு வலைத்துளை இருக்கிறது. அக்வாவில் பின் இருக்கையின் கீழ்ப்பக்கத்தில். அந்தத் துளையை அரிசி மூட்டையாலோ பயணப் பையாலோ மூடினால் பற்றரி வேகும். ஜன்னலைத் திறந்துவிட்டு செம்மண் தூசியில் ஓடும் கார்களில் தூசி ஃபானின் இதழ்களில் கம்பளி போலப் படிந்துவிடும். ஃபான் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் போகாது. மூன்றாம் தலைமுறையில் அதற்கென்றே பி0ஏ82 என்ற கோட் உண்டு.

செயலியில் மூன்று வெப்ப அளவுகள் காட்டும். வெப்பம் மிகவும் கூடி நின்றால் கார் பற்றரியைப் பயன்படுத்துவதையும் சார்ஜ் செய்வதையும் தானாகவே குறைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது "சார்ஜ் ஏறவில்லை" என்று தோன்றும். ஃபானைக் கழற்றித் துப்புரவு செய்வது பெரிய செலவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள், வாடகைக்கு ஓடும் கார் என்றால் இன்னும் அடிக்கடி. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது ஏசியைப் போடுங்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்க ஏசி போடாமல் ஓடுபவர் அந்த மிச்சத்தைப் பற்றரியில் கொடுத்துவிடுகிறார். அடுக்கின் நடுவில் இருக்கும் மொடியூல்கள் முதலில் சாவதும் வெப்பத்தால்தான். ஓரத்தில் இருப்பவற்றுக்குக் கொஞ்சம் காற்றாவது கிடைக்கிறது.

இணைப்புத் தகடு பச்சை பிடித்திருக்கிறது என்றார்கள். அது மட்டும் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு ஏறினால் தடை கூடும், வோல்ட் அளவு பிழையாகப் போகும், கணினி மொடியூலைக் குற்றம் சொல்லும். கழற்றித் துப்புரவு செய்தோ புதுத் தகடு போட்டோ மீண்டும் சுமைச் சோதனை செய்ய வேண்டும். கடற்கரைக் காற்று, டிக்கிக்குள் மழைநீர் ஒழுகுவது, வெள்ளத்தில் நின்றது, மூன்றும் இதைத் துரிதப்படுத்தும். திருப்பிப் பூட்டும்போது நட்டை 5.4 நியூட்டன் மீற்றர் அளவுக்கே இறுக்க வேண்டும். அது மிகக் குறைவு. கையில் பலம் காட்டினால் மொடியூலின் முனை உடைந்து கசியும்.

மழை பெய்த பிறகு பி0ஏஏ6 வருகிறது. இதுவும் பற்றரிதானா?

உயர் வோல்ட் எங்கோ காரின் உடலுக்குக் கசிகிறது என்று அர்த்தம். எங்கே என்பது கூட வரும் துணைக் கோட் எண்ணில் இருக்கிறது: 612 என்றால் பற்றரிப் பக்கம், 613 என்றால் கியர்ப் பெட்டிப் பக்கம், 611 என்றால் ஏசி. இந்த 611 அடிக்கடி மனிதர் செய்த பிழை. ஹைபிரிட்டின் ஏசி கம்பிரசருக்கு மின்சாரம் கடத்தாத என்டி-11 எண்ணெய் மட்டுமே போட வேண்டும். சாதாரண காருக்கு ஊற்றும் எண்ணெயை காஸ் நிரப்பும்போது கலந்துவிட்டால் கசிவு தொடங்கிவிடும். ஏசி காஸ் நிரப்பிய சில நாளில் இந்தக் கோட் வந்தால் பற்றரியைக் கழற்ற விடாதீர்கள்.

சிவப்பு முக்கோணம் எரிந்து இழுவை போய்விட்டது. கோட் பி0ஏ93.

பற்றரி அல்ல. இன்வர்ட்டரைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடவில்லை. காரை ரெடியில் போட்டு, இன்வர்ட்டர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்து ஓட வேண்டும். அசையாமல் நின்றால் மின்சாரப் பம்போ அதன் ஃபியூஸோ போயிருக்கிறது. 2012இல் டொயோட்டா இந்தப் பம்புக்காகவே இரண்டாம் தலைமுறை பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது. மூன்றாம் தலைமுறையில் இன்வர்ட்டருக்குள் இருக்கும் பாகங்கள் சூடேறும் குறையால் 2014இல் சுமார் 19 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள்.

மூன்றாம் தலைமுறை பிரியஸ். காலையில் எஞ்சின் எழும்போது கார் உதறுகிறது. பற்றரி பலவீனமா?

பெரும்பாலும் எஞ்சின் நோய். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் (EGR) பாதை கரியால் அடைபட்டு, காலப்போக்கில் எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கற் போய், இரவில் கூலன்ட் (குளிர்விக்கும் தண்ணீர்) சிலிண்டருக்குள் ஒழுகும். காலையில் அதைத்தான் உதறித் தள்ளுகிறது. கூலன்ட் மட்டத்தைக் கவனியுங்கள். இதற்கு ஹைபிரிட் பற்றரி மாற்றிவிட்டு மறுநாளும் உதறலோடு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பழுதான ஒரு செல்லை மட்டும் மாற்றினால் போதாதா?

போதும், கொஞ்ச நாளைக்கு. ஒரு மொடியூல் செத்துவிட்டது என்றால் அதன் வயதுடைய மற்ற 27உம் அதே வழியில்தான் நிற்கின்றன. ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பூட்டும் கூலி வேறு. காரை விற்கப் போகிறவர் அப்படிச் செய்கிறார். வைத்து ஓட்டப் போகிறவர் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

இருந்தாலும் கையில் காசு இல்லாத நேரம் எல்லோருக்கும் வரும். அப்படியானால் நான்கு விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். போடும் மொடியூல் எத்தனை மில்லி ஆம்பியர் மணி என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். புதிதில் அது 6500. 4000க்குக் கீழே இருப்பதைப் போடுவதில் பயனில்லை. மற்ற மொடியூல்களையும் சார்ஜ் செய்து இறக்கிச் சார்ஜ் செய்து சமப்படுத்தித்தான் பூட்ட வேண்டும். அந்த வேலை ஒரு நாளில் முடியாது. காலையில் விட்டு மாலையில் தருகிறேன் என்பவர் அதைச் செய்யவில்லை. சார்ஜ் செய்யும்போது மொடியூல்கள் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு வீங்கும். கடைசியாக, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பற்றரிக்கா, மாற்றிய மொடியூலுக்கு மட்டுமா என்று அதில் இருக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பற்றரியை முழுதாக வாங்கிப் போடுவது சீட்டுப் பிடிப்பது போலத்தான். வயதையும் சுமைச் சோதனையையும் பார்க்காமல் வாங்க வேண்டாம். பத்து வருடம் ஓட்டும் எண்ணம் இருந்தால் புதிய மொடியூல்கள் போட்ட பற்றரிதான் கணக்குக்குச் சரிவரும்.

யூடியூப் பார்த்து நானே கழற்றலாமா?

ஃபானையும் சின்னப் பற்றரியையும் கழற்றலாம். பெரிய பற்றரியின் மூடியைத் திறக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 200 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரை எடுக்கப் போதும். இன்வர்ட்டருக்குள் இரண்டாம் தலைமுறையில் 500 வோல்ட், மூன்றாம் தலைமுறையில் 650 வோல்ட் வரை போகிறது. செம்மஞ்சள் வயர் எங்கே கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் செய்யும்போதும் சின்னப் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, பெரிய பற்றரியின் சுற்றைத் துண்டிக்கும் செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்து, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மீற்றரில் பூச்சியம் வந்ததைப் பார்த்த பிறகே கை வைப்பார்கள். பிளக்கை எடுத்தாலும் மொடியூல்களுக்குள் மின்சாரம் இருக்கத்தான் செய்யும்.

என்னுடையது ஹோண்டா ஃபிட். இதெல்லாம் பொருந்துமா?

கொஞ்சம்தான். பழைய ஃபிட் ஹைபிரிட்டிலும் இன்சைட்டிலும் உள்ள ஐஎம்ஏ (IMA, ஹோண்டாவின் பழைய ஹைபிரிட் முறை) பற்றரி 84 செல்கள், 100.8 வோல்ட். மோட்டார் எஞ்சினுக்கு உதவியாள் மட்டும். 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் இருப்பதால் பெரிய பற்றரி பலவீனமானாலும் எஞ்சினை எழுப்ப ஒரு வழி உண்டு. பிரியஸில் அது இல்லை. கோடு திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்து, கார் தன்னைத் தானே பலவந்தமாகச் சார்ஜ் செய்யத் தொடங்குவது இந்தப் பற்றரியின் முதுமை அடையாளம். ஃபானும் சின்னப் பற்றரியும் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும்.

பல மாதம் வெளிநாடு போகிறேன். அல்லது பெற்றோல் முடிந்துவிட்டது. என்ன ஆகும்?

இந்தப் பெரிய பற்றரி நிக்கல் வகை. அது சும்மா நின்றாலும் தானாக இறங்கும், அதுவும் எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் இறங்காது. சமநிலை குலைவது அப்படித்தான். மாதம் ஒருமுறையாவது யாரையாவது அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சும்மா ரெடியில் போட்டு நிறுத்துவதைவிட ஓட்டுவது நல்லது.

பெற்றோல் முடிந்தால் பற்றரியில் கொஞ்சத் தூரம் நகரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். 2022 எரிபொருள் வரிசைகளில் கடைசிக் கோடு வரை பற்றரியில் ஊர்ந்து போன கார்கள் இருந்தன. அடிமட்டத்துக்கு இறங்கினால் எஞ்சினைச் சுழற்றச் சக்தி இருக்காது, பிறகு பெற்றோல் ஊற்றினாலும் எழும்பாது. வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய இந்தக் கார்களில் துளையும் இல்லை. தனிச் சார்ஜர் வைத்திருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பாவித்த ஹைபிரிட் ஒன்று வாங்கப் போகிறேன். பற்றரியை எப்படிப் பார்ப்பது?

மைலேஜ் எண்ணை நம்பி முடிவு எடுக்காதீர்கள். கார் இரவு முழுக்க நின்ற பிறகு காலையில், நீங்கள் போய்த்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் எஞ்சினை முன்பே சூடாக்கி வைத்துக் காத்திருந்தால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓபிடி கருவியைச் செருகி, கோட்கள் சமீபத்தில் அழிக்கப்பட்டதா என்று பாருங்கள். கோட் அழித்த பின் ஓடிய தூரத்தைப் பல செயலிகள் காட்டும். அது பத்து, இருபது கிலோமீற்றர் என்றால் ஏதோ மறைத்திருக்கிறார்கள். ஏசியைப் போட்டு, மேடு பள்ளம் உள்ள வீதியில் குறைந்தது அரைமணி நேரம் ஓட்டி, தொகுதி எண்களைப் பக்கத்தில் இருப்பவர் படம் எடுக்கட்டும். ஃபான் துளைக்குள் விரலை விட்டுத் தூசி பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி ஈரமும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், புதிய பற்றரியின் விலையைக் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.